ஓரக்கண்ணில் தெரியும் ஆண்ட்ரோமெடா

மொட்டைமாடிக்குப் போய் ஐந்து நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "படத்துல இருக்கிற மாதிரி ஒண்ணுமே தெரியலையே" என்று இறங்கி வந்துவிடுபவர்கள்தான் அதிகம். அடுத்த வாரம் தொலைநோக்கி என்ன விலை என்று விசாரிப்பார்கள். சிலர் வாங்கியும் விடுவார்கள். அதன் வழியாகவும் ஐந்து நிமிடம்தான் பார்ப்பார்கள். கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் கேட்கிறது. அதை யாரும் கொடுப்பதில்லை. அந்த அரைமணி நேரத்தைக் கொடுத்து, எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே பார்க்காமல் கொஞ்சம் தள்ளிப் பார்க்கவும் தெரிந்துகொண்டால், 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கும் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தை வெறும் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

வெளிச்சமான அறையிலிருந்து இருட்டுக்கு வந்ததும் முதலில் வேலை செய்வது கண்ணின் பாவை. வெளிச்சத்தில் 2 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருப்பது இளவயதினருக்கு 7 மி.மீ. வரை விரியும். இதில் பெரும்பகுதி சில விநாடிகளிலேயே முடிந்துவிடுகிறது. கணக்குப் போட்டால் உள்ளே போகும் ஒளி சுமார் 12 மடங்குதான் கூடியிருக்கும். உச்சி வெயிலுக்கும் அமாவாசை வானத்துக்கும் உள்ள வித்தியாசமோ பத்துக் கோடி மடங்கு. பாவை விரிவது வாசல் கதவைத் திறந்து வைப்பது மாதிரி. மிச்ச வேலை முழுக்க வீட்டுக்குள்ளே, விழித்திரையில் நடக்கிறது.

விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள் ஒளியை வாங்குகின்றன என்பது பள்ளிப் பாடம். கூம்பு செல்கள் பகலுக்கு. நிறம், நுணுக்கம் எல்லாம் அவற்றின் பொறுப்பு. எண்ணிக்கை 50 லட்சத்தை ஒட்டி. குச்சி செல்கள் இரவுக்கு. 9 கோடிக்கு மேல் இருக்கின்றன. நிறம் பிரிக்கத் தெரியாது, ஆனால் மிக மங்கலான ஒளியையும் விடாது. பாடப்புத்தகம் இதோடு நிறுத்திக்கொள்கிறது. நமக்கு வேண்டியது இந்த இரண்டும் இருட்டுக்குப் பழக எடுத்துக்கொள்ளும் நேரம். கூம்பு செல்கள் ஏழெட்டு நிமிடத்தில் தங்களால் முடிந்த எல்லையைத் தொட்டு நின்றுவிடும். "பழகிவிட்டது, இனி இவ்வளவுதான்" என்று நமக்குத் தோன்றுவது இந்தக் கட்டத்தில்தான். மாடியிலிருந்து இறங்கிப் போகிறவர்கள் இறங்குவதும் இந்த நிமிடத்தில்தான். இதற்குப் பிறகுதான் குச்சி செல்கள் கூம்புகளை முந்த ஆரம்பிக்கின்றன. பதினைந்தாவது நிமிடத்தில் வித்தியாசம் தெரியும், முப்பதில் நன்றாகத் தெரியும், நாற்பது நிமிடம் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும்.

நேரம் பிடிப்பதற்குக் காரணம் வேதியியல். ஒவ்வொரு குச்சி செல்லிலும் சுமார் 10 கோடி ரோடாப்சின் மூலக்கூறுகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. ரோடாப்சின் என்பது ஒரு புரதமும் அதன் நடுவே செருகியிருக்கும் ரெட்டினால் என்ற வளைந்த சிறு மூலக்கூறும் சேர்ந்தது. ரெட்டினால் வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம். ஒரு ஃபோட்டான், அதாவது ஒளியின் ஒற்றைத் துகள், வந்து மோதினால் இந்த வளைவு நிமிர்ந்துவிடும். நிமிர ஆகும் நேரம் சுமார் 200 ஃபெம்டோ விநாடி, அதாவது ஒரு விநாடியில் ஐந்து லட்சம் கோடியில் ஒரு பங்கு. உயிரியலில் நமக்குத் தெரிந்த மிக வேகமான வினைகளில் இதுவும் ஒன்று. நிமிர்ந்த ரெட்டினாலோ புரதத்தை விட்டுக் கழன்றுவிடும். அது விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் நிறமிச் செல் அடுக்குக்குப் போய், அங்கே நொதிகளால் மறுபடி வளைக்கப்பட்டு, திரும்பி வந்து புரதத்தில் பொருந்த வேண்டும். போவது கணத்தில், திரும்புவது நிமிடக் கணக்கில். டியூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த கண்ணில் கணிசமான ரோடாப்சின் இப்படி வெளுத்துப்போய்த்தான் இருக்கும். 1876-இல் ஜெர்மனியின் பிரான்ஸ் போல் தவளையின் விழித்திரையைப் பிரித்தெடுத்தபோது, செந்நிறமாக இருந்த அது வெளிச்சம் பட்டதும் கண்ணெதிரே வெளிறிப் போனதைக் கவனித்தார். இருட்டில் வைத்த தவளையின் விழித்திரையில் அந்தச் சிவப்பு திரும்பவும் வந்துவிடும். நாம் மாடியில் காத்திருக்கும் அரைமணி நேரமும் அந்தச் சிவப்பு ஊறி வருவதற்குத்தான்.

காத்திருந்தால் கிடைக்கும் பலன் சாதாரணமானதில்லை. 1942-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹெக்ட், ஷ்லேர், பிரென் மூவரும் செய்த சோதனை இன்றும் அடிக்கடி பேசப்படுகிறது. அரைமணிக்கு மேல் இருட்டில் உட்கார வைத்தவர்களின் கண்ணில், பார்வையின் மையத்திலிருந்து 20 டிகிரி தள்ளி, ஒரு மில்லிவிநாடி மட்டும் நீடிக்கும் நீலப்பச்சை மினுக்கை விழச் செய்தார்கள். "தெரிகிறது" என்று சொல்லக் கண்ணின் முகப்பில் 54 முதல் 148 ஃபோட்டான்கள் வரை போதுமானதாக இருந்தது. அவற்றிலும் பெரும்பாலானவை வழியிலேயே சிதறியும் உறிஞ்சப்பட்டும் போய்விடும். குச்சி செல்கள் உண்மையில் பிடித்தவை 5 முதல் 14 வரைதான். அவையும் சுமார் 500 செல்கள் மீது பரவி விழுந்தவை. அப்படியென்றால் ஒரே செல்லில் இரண்டு ஃபோட்டான் விழுந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு குச்சி செல் ஒற்றை ஃபோட்டானுக்கே பதில் சொல்கிறது என்பது இப்படிக் கணக்கு வழியாகத் தெரிய வந்தது. பின்னாளில் செல்லிலேயே மின்னோட்டத்தை அளந்து உறுதி செய்தார்கள்.

அந்த மின்னோட்டத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. குச்சி செல் இருட்டில் ஓய்வெடுப்பதில்லை. இருட்டில்தான் அதன் வழியாக மின்னோட்டம் முழு வீச்சில் ஓடிக்கொண்டிருக்கும். ஃபோட்டான் விழுந்தால் அந்த ஓட்டம் சில சதவீதம் குறையும். அந்தக் குறைவுதான் செய்தி. இருட்டு முழுவதும் மோட்டாரை ஓடவிட்டு, அதன் சத்தத்தில் ஏற்படும் சின்ன இறக்கத்தைக் காது கொடுத்துக் கேட்பது போன்ற ஏற்பாடு. செலவு அதிகம். உடலிலேயே ஆக்சிஜனை மிக அதிகமாகச் செலவழிக்கும் திசுக்களில் விழித்திரையும் ஒன்று. இருட்டில் அந்தச் செலவு இன்னும் கூடுகிறது. இது நடைமுறையில் இரண்டு இடத்தில் இடிக்கும். ஒன்று, புகை. சிகரெட்டிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் இரவுப் பார்வை மங்கும். தீக்குச்சி வெளிச்சம் தரும் தொந்தரவு இதற்கு மேல். இரண்டாவது, உயரம். சுமார் 1,500 மீட்டரைத் தாண்டியதும் இரவுப் பார்வை மெல்லக் குறையத் தொடங்குகிறது என்று விமானிகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். லடாக்கில் ஹான்லே வானாய்வகம் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; வானம் உலகத் தரம், ஆனால் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல். அங்கே சில நாள் உடலைப் பழக்கிக்கொள்ளாமல் போன அன்றே வானம் பார்க்க நின்றால், எதிர்பார்த்த அளவு நட்சத்திரம் தெரியாமல் போகலாம். கொடைக்கானலின் 2,300 மீட்டரில் இந்த இழப்பு சிறிது. தெளிவான காற்று அதை ஈடுகட்டிவிடும்.

இருட்டிலும் கண் முழுக் கறுப்பைக் காட்டாது என்பதைக் கவனித்திருப்பீர்கள். கண்ணை மூடினாலும் ஏதோ சாம்பல் நிறப் பொடி அலைவது போல இருக்கும். இதிலும் ரோடாப்சினுக்குப் பங்கு உண்டு. ஃபோட்டான் எதுவும் வராமலே, உடல் வெப்பத்தால் மட்டும், ஒரு குச்சி செல்லில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு மூலக்கூறு தானாக நிமிர்ந்துவிடும். 10 கோடி மூலக்கூறில் இவ்வளவு அபூர்வமாக என்றால் அது பிரமிக்கத்தக்க நிலைத்தன்மை. ஆனால் 9 கோடி செல்களுக்கும் சேர்த்துப் பார்த்தால் விநாடிக்குப் பல லட்சம் பொய்த் தகவல்கள். மங்கலான விண்மீன் மண்டலம் தெரிவது போலவும் தெரியாதது போலவும் விளையாட்டுக் காட்டுவதற்கு இந்த இரைச்சலும் ஒரு காரணம். ஆகவே ஒரு முறை பட்டதை நம்ப வேண்டாம். கண்ணை வேறு பக்கம் திருப்பி, மறுபடி வந்து, அதே இடத்தில் மூன்று நான்கு முறை பட்டால் அது இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, அரைமணி நேரம் காத்து ஊற வைத்ததை எது கெடுக்கும்? நம் காலத்தில் பதில் ஒன்றுதான்: கைபேசி. நேரம் பார்க்க ஒரு தடவை திரையைத் தட்டினால் போதும், பல நிமிடத்து உழைப்பு போய்விடும். குச்சி செல்கள் மிகக் கூர்மையாக உணர்வது 500 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலப்பச்சையை. 640 நானோமீட்டருக்கு மேலான அடர் சிவப்பு அவற்றுக்குக் கிட்டத்தட்ட இருட்டு. வானம் பார்ப்பவர்கள் சிவப்பு விளக்கை வைத்துக்கொள்வது இதனால்தான். கூம்பு செல்கள் அந்தச் சிவப்பில் வரைபடத்தைப் படிக்கும்; குச்சி செல்களுக்கு விஷயமே தெரியாது.

ஆனால் இந்தச் சிவப்பு விளக்கில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். சிவப்பு என்பதை விட மங்கல் என்பது முக்கியம். கூசும் சிவப்பு டார்ச்சை விட மிக மங்கலான வெள்ளை விளக்கு தேவலாம். கடையில் வாங்கும் சாதாரண வெள்ளை எல்இடி டார்ச்சின் மீது சிவப்பு செலோஃபேன் தாளை ஒரு மடிப்பு மட்டும் ஒட்டினால் நீலம் கசியும். மூன்று நான்கு மடிப்பு வேண்டும். சரிபார்க்க எளிய வழி உண்டு. அறையை இருட்டாக்கி இருபது நிமிடம் இருங்கள். சுவரில் மங்கலாகத் தெரியும் ஏதாவது ஒன்றை, வெள்ளைக் காலண்டர் தாள் என்று வையுங்கள், குறித்துக்கொள்ளுங்கள். டார்ச்சைப் போட்டு அரை நிமிடம் ஒரு பக்கம் படித்துவிட்டு அணையுங்கள். தாள் உடனே தெரிந்தால் விளக்கு சரி. தேட வேண்டியிருந்தால் இன்னும் இரண்டு மடிப்பு ஒட்டுங்கள்.

கைபேசியில் இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. அது தூக்கத்துக்காக வைத்தது, வானத்துக்கு உதவாது. நட்சத்திர வரைபடச் செயலிகளில் முழுச் சிவப்பு முறை இருக்கிறது; அதுவும் அந்தச் செயலிக்குள் மட்டும்தான். வெளியே வந்தால், அல்லது நடுவில் ஒரு அறிவிப்பு எட்டிப்பார்த்தால், முகத்தில் வெள்ளை வெளிச்சம் அடிக்கும். திரை மீது சிவப்பு செலோஃபேனை வெட்டி ரப்பர் பேண்டு போட்டுவிடுவதே என் கணக்கில் உத்தமம். அழகாக இருக்காது, ஆனால் ஏமாற்றாது. காரில் போனால், கதவைத் திறந்ததும் எரியும் உள்விளக்கை முன்கூட்டியே அணைத்து வையுங்கள். சாவிப் பொத்தானைத் தொட்டதும் நான்கு பக்கமும் மினுக்கும் விளக்குகளை மறந்துவிட்டு அழுத்துபவர், கூட வந்த எல்லோருடைய அரைமணி நேரத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கெடுதல் முந்தைய பகலிலேயே தொடங்கிவிடலாம். இரண்டு மூன்று மணி நேரம் சுட்டெரிக்கும் வெயிலில், கடற்கரையிலோ வயல்வெளியிலோ, கண்ணாடி இல்லாமல் இருந்தால் அன்று இரவு கண் பழகுவது தாமதமாகும். வானம் பார்க்கப் போகும் நாளில் வெயிலில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வது அலட்டல் இல்லை.

இரண்டு கண்ணும் தனித்தனியே பழகுகின்றன என்பதும் பயன்படும் விஷயம். இரவில் வெளிச்சமான இடத்துக்குப் போயே ஆக வேண்டும் என்றால் ஒரு கண்ணைக் கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டு போய்வாருங்கள். திரும்பி வந்து கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். ஒரு கண்ணில் தோட்டம், வேலி, வானம் எல்லாம் தெரியும். மறு கண்ணில் கரி பூசினாற்போல இருக்கும். தன் கண்ணுக்குள் நடக்கும் வேதியியலைச் செலவில்லாமல் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. பிள்ளைகளுக்குக் காட்ட மின்வெட்டு நேரம் அருமையான சந்தர்ப்பம்.

இனி பார்க்கும் முறை. படிக்கும்போதும் முகம் பார்க்கும்போதும் நாம் பயன்படுத்துவது ஃபோவியா என்ற நடுப்புள்ளியை. அங்கே கூம்பு செல்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. அதன் நட்டநடுவில், வானத்தில் ஒன்றேகால் டிகிரி அகலத்துக்கு, அதாவது முழுநிலாவைப் போல இரண்டரை மடங்கு அகலத்துக்கு, குச்சி செல் ஒன்றுகூடக் கிடையாது. எதையாவது உற்றுப் பார்க்கிறோம் என்றால் அதை இந்த இடத்தில்தான் வைக்கிறோம். மங்கலான பொருளை உற்றுப் பார்த்தால் அது மறைந்துபோவது இதனால்தான். பார்வையை 8 முதல் 16 டிகிரி தள்ளி வைத்தால் குச்சி செல்கள் செறிந்த பகுதியில் பிம்பம் விழும். கையை முழுதாக நீட்டி முஷ்டி மடக்கினால் அதன் அகலம் வானத்தில் 10 டிகிரி; ஆக ஒரு முஷ்டி தள்ளிப் பாருங்கள்.

எந்தப் பக்கம் தள்ளுவது என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. அது நடுப்பார்வையிலிருந்து சுமார் 15 டிகிரி தள்ளி, காது இருக்கும் பக்கத்தில் வரும். ஆகவே ஒற்றைக் கண்ணால் தொலைநோக்கியில் பார்க்கும்போது பொருள் மூக்குப் பக்கம் இருக்கும்படி வைக்க வேண்டும். வலது கண்ணால் பார்த்தால் பொருளுக்கு வலப்பக்கம் பாருங்கள். இடது கண் என்றால் இடப்பக்கம். மாற்றி வைத்தால் மங்கலாக இருந்தது சுத்தமாகக் காணாமல் போய், தொலைநோக்கி மீது பழி விழும். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றின் ஓட்டையை மற்றது அடைத்துவிடும். அப்போது பொருளுக்கு மேலே பார்ப்பது வசதி.

பார்வையை ஓரிடத்தில் ஆணி அடித்தது போல நிறுத்தவும் கூடாது. அசையாத மங்கல் பிம்பத்தை மூளை சில விநாடியில் அழித்துவிடும். மெல்ல அலைபாயவிடுங்கள். தொலைநோக்கி என்றால் அதன் குழாயை விரலால் லேசாகத் தட்டுங்கள். பிம்பம் குலுங்கும்போது, அதுவரை இல்லாத ஒரு திட்டு சட்டென்று பிடிபடும். அசைவைக் கண்டுபிடிப்பதில் குச்சி செல்கள் கெட்டிக்காரர்கள். மூச்சை அடக்கிக்கொண்டு உற்றுப் பார்க்கும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அதை விடுங்கள், ஆக்சிஜன் கணக்கை முன்பே பார்த்தோம். நாற்காலியில் சாய்ந்து உட்காருங்கள்.

பழகிப் பார்க்க நல்ல பொருள் பூசம். பங்குனி தொடங்கும் முன், மார்ச் முதல் வாரத்தில் இரவு 10 மணிக்கு அது கிட்டத்தட்ட தலைக்கு மேல் வந்துவிடும். கடக ராசியின் மங்கலான நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைத் திட்டு. நேராகப் பார்த்தால் கரையும், ஓரமாகப் பார்த்தால் பளிச்சிடும். அது ஒரு நட்சத்திரக் கூட்டம், சுமார் 600 ஒளியாண்டு தொலைவு. கலிலியோ தன் சிறு தொலைநோக்கியைத் திருப்பி அந்தத் திட்டுக்குள் 40 நட்சத்திரங்களுக்கு மேல் இருப்பதாக 1610-இல் எழுதினார். இன்றைக்குச் சாதாரண 10×50 பைனாகுலரே அதைக் காட்டும். தைப்பூசத்தன்று மட்டும் தேட வேண்டாம். அன்று பௌர்ணமி நிலாவே அதன் அருகில் நிற்கும், பூசம் கண்ணில் படாது. அந்த நாளுக்கு அந்தப் பெயர் வந்ததே நிலா அங்கே நிற்பதால்தான்.

இருட்டு எவ்வளவு பழகியிருக்கிறது என்று அளக்கக் கார்த்திகையை எண்ணலாம். ஆறுமீன் என்பது பழைய பெயர். வெளியே வந்ததும் எண்ணிப் பாருங்கள், நான்கோ ஐந்தோ வரும். அரைமணி கழித்து, பக்கத்தில் பார்வையை வைத்து எண்ணுங்கள். நல்ல இருட்டில் ஏழு, எட்டு என்று போகும்.

ஆண்ட்ரோமெடாவுக்கு வருவோம். புத்தகங்கள் அக்டோபர், நவம்பர் என்று சொல்லும். தமிழ்நாட்டில் அது வடகிழக்குப் பருவமழைக் காலம், வானம் கிடைப்பது அதிர்ஷ்டம். மழை கழுவிவிட்ட காற்றில், ஜனவரி தொடக்கத்தில், நிலா இல்லாத இரவு ஏழரை மணிக்கு வடமேற்கு பார்த்து நில்லுங்கள். பாதி உயரத்துக்குச் சற்று மேலே நான்கு நட்சத்திரங்கள் பெரிய சதுரமாக, கட்டிலின் நான்கு கால்கள் போல, தெரியும். மேலே இருக்கும் இரண்டும் உத்திரட்டாதி, கீழே இருக்கும் இரண்டும் பூரட்டாதி. மேல் வரிசையில் வலது மூலை நட்சத்திரத்திலிருந்து தொடங்குங்கள். அங்கிருந்து வலப்புறமாகச் சற்று மேலே, முக்கால் முஷ்டிக்கு ஒன்றாக, இரண்டு நட்சத்திரங்கள் தாண்டுங்கள். முதலாவது கொஞ்சம் மங்கல். இரண்டாவது பிரகாசம், லேசான செம்மை. அதன் பெயர் மிராக். மிராக்கிலிருந்து செங்குத்தாகக் கீழே, மூன்று விரல் அகலத்துக்குச் சற்றுக் குறைவாக, ஒரு மங்கல் நட்சத்திரம். அதே தூரம் இன்னொரு முறை கீழே இறங்குங்கள். அதைவிட மங்கலான ஒரு நட்சத்திரமும், அதை ஒட்டினாற்போல ஒரு நீள்வட்டப் புகைத்திட்டும் இருக்கும். மேகமோ என்று தோன்றும். பாரசீக வானியலாளர் அல்-சூஃபி 10ஆம் நூற்றாண்டில் சிறு மேகம் என்றுதான் குறித்திருக்கிறார். பார்வையை மறுபடி மிராக் மீது வைத்துக்கொண்டு, திட்டு ஓரக்கண்ணில் நீள்வதைக் கவனியுங்கள். நேராகப் பார்க்கும்போது நடுப்பொட்டு மட்டும் தெரியும். தள்ளிப் பார்க்கும்போது இரண்டு பக்கமும் வால் வளரும்.

படங்களில் காணும் நீலச் சுருள், சிவப்புப் புள்ளிகள் எதுவும் தெரியாது. எவ்வளவு பெரிய தொலைநோக்கியாக இருந்தாலும் அப்படித்தான். இதைத் தொழில் ரகசியம் போல மறைக்க வேண்டியதில்லை. குச்சி செல்களில் ஒரே வகை நிறமிதான் உண்டு. அதனால் எல்லாம் சாம்பல்தான். கேமரா பல நிமிடம் ஒளியைச் சேர்த்து வைக்கும். கண்ணோ ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு மட்டும் சேர்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடும். திருவாதிரையின் சிவப்பும் ஓரியன் விண்மீன் குழுவின் கால் பக்கம் இருக்கும் ரைஜலின் நீலவெண்மையும் நமக்குத் தெரிகின்றன என்றால், அவை கூம்பு செல்களை எழுப்பும் அளவுக்குப் பிரகாசமானவை. மங்கிய ஒளியில் சிவப்பு சீக்கிரம் கறுத்துப்போவதும் நீலப்பச்சை தூக்கலாவதும் பர்கின்ஜி விளைவு. செக் நாட்டு உடலியலாளர் ஒருவரின் பெயர் அது. அந்தி நேரத்தில் செம்பருத்திச் செடியைப் பாருங்கள். பகலில் இலையை அமுக்கிக்கொண்டு நின்ற பூ கறுத்துவிடும், இலை வெளிறித் தெரியும். ஒளி மாறும் விண்மீன்களை மதிப்பிடுபவர்களுக்கு இதில் இன்னொரு எச்சரிக்கை: சிவப்பு நட்சத்திரத்தை வெறித்துப் பார்த்தால் அது நேரம் போகப் போகப் பிரகாசமாகிக்கொண்டே வருவது போலத் தோன்றும். ஓட்டப் பார்வையாக ஒரு முறை பார்த்து அளவைக் குறித்துக்கொள்வதுதான் முறை.

கண்ணாடி போடுபவர்கள் கழற்றிவிட்டுப் பார்க்கக் கூடாது. பாவை விரியும்போது சிலருக்கு அரை முதல் ஒரு டயாப்டர் (கண்ணாடியின் பவரை அளக்கும் அலகு) வரை கிட்டப்பார்வை கூடிவிடும். பகலில் கண்ணாடியே தேவைப்படாதவருக்கும் இரவில் நட்சத்திரம் முள்முள்ளாகத் தெரிவது இதனால்தான். வயது கூடக் கூடப் பாவையும் பழையபடி விரியாது. அறுபதைத் தாண்டியவருக்கு 5 மி.மீ. என்பது சகஜம். பைனாகுலர் வாங்கும்போது அதன் முன்பக்க லென்ஸின் விட்டத்தை (இரண்டாவது எண்), அது எத்தனை மடங்கு பெரிதாக்குகிறது என்ற எண்ணால் (முதல் எண்) வகுத்துப் பாருங்கள். 7×50 என்றால் 7 மி.மீ. ஒளிக்கற்றை வெளியே வரும், 5 மி.மீ. பாவைக்குள் அதில் பாதிதான் நுழையும். அவருக்கு 10×50 போதும், பின்புல வானமும் கறுப்பாகத் தெரியும்.

கேரட் சாப்பிட்டால் இரவில் நன்றாகத் தெரியுமா என்ற கேள்வி கட்டாயம் வரும். வைட்டமின் ஏ குறைந்தால் ரெட்டினால் கிடைக்காது, ரோடாப்சின் ஊறாது, மாலைக்கண் வரும். நம் நாட்டில் 9 மாதம் முதல் 5 வயது வரை குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் ஏ திரவம் கொடுப்பது இதைத் தடுக்கத்தான். முருங்கைக் கீரை, பப்பாளி, மாம்பழம் எல்லாம் உதவும். ஆனால் போதுமான அளவு இருப்பவர் மேலும் தின்றால் கூடுதலாக ஒரு நட்சத்திரமும் தெரியாது. மாத்திரையாக அளவுக்கு மீறி எடுத்தால் கல்லீரலுக்குக் கேடு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன், தன் விமானிகள் கேரட்டால் இருட்டில் எதிரியைக் கண்டுபிடிப்பதாகக் கதை பரப்பியது. உண்மையில் விமானத்தில் ரேடார் இருந்தது. அந்தி மயங்கியதும் நாற்காலியில் இடித்துக்கொள்ளும் அளவுக்குப் பார்வை குறைகிறது என்றால் கீரையோடு நிற்காமல் கண் மருத்துவரைப் பாருங்கள். விழித்திரையே பரம்பரையாகத் தேயும் நோய்களும் அப்படித்தான் தொடங்கும்.

நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தெருவிளக்கு நேரடியாகக் கண்ணில் படும் மாடியில் அரைமணி நேரம் காத்திருப்பது வீண். குச்சி செல்கள் முழுதாகப் பழக அங்கே இருட்டே கிடையாது. தலை மேல் கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு தொலைநோக்கியில் பார்த்தால் ஓரளவு மீட்கலாம். அண்டை வீட்டார் பேசுவதைப் பேசட்டும். இல்லையென்றால் கூம்பு செல்களுக்கு ஏற்றதைப் பாருங்கள்: நிலா, கோள்கள், இரட்டை நட்சத்திரங்கள். சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டரும் அருந்ததியும் ஏப்ரல், மே மாலைகளில் வடக்கே நன்றாகத் தெரிவார்கள். காலை முகூர்த்தத்தில் மாப்பிள்ளை காட்டும் அருந்ததி வெறும் சம்பிரதாயம். அதை ராத்திரி ஒரு முறை உண்மையாகவே பார்த்துவிடுவது நல்லது.

கோள்களுக்கு விதி தலைகீழ். வியாழனின் பட்டைகளும் செந்திட்டும் மெல்லிய நிற வேறுபாடுகள். அவற்றைக் காண விழித்திருக்கும் கூம்பு செல்கள் வேண்டும். அரைமணி இருட்டில் ஊறிய கண்ணுக்கு வியாழன் கூசும் வெள்ளைத் தட்டாகத்தான் தெரியும். பக்கத்தில் ஒரு வெள்ளை விளக்கை எரியவிட்டே பார்க்கலாம். ஒரே இரவில் இரண்டும் வேண்டுமென்றால் மங்கலானவற்றை முதலில் முடித்துக்கொண்டு வியாழனைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வியாழன் மறைகிற அவசரம் என்றால் இடது கண்ணை வியாழனுக்கும் வலது கண்ணை ஆண்ட்ரோமெடாவுக்கும் ஒதுக்கிவிடுங்கள். வியாழனைப் பார்க்கும் நேரம் முழுக்க வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தியே வைத்திருங்கள்.